‘நாளையிலிருந்து வர வேண்டாம்’: தப்பர்த்தத்தால் புது வேலை போனால்

சேர்ந்து இரண்டு, மூன்று மாதமே ஆன வேலை பெரும்பாலும் வாய்வார்த்தையில்தான் போகிறது. மெமோ வராது, விசாரணை நடக்காது. மேஸ்திரியோ, சூப்பர்வைசரோ, முதலாளி வீட்டுப் பிள்ளையோ “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலம் தொட்டு, இது சம்பள வேலைக்குப் பழகிய வட்டாரம். ராஜபாளையத்தில் பஞ்சாலைகள், சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிக்கூடங்கள், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கூடங்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகள், இரண்டு ஊர் பஜாரிலும் ஜவுளிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை. சிறிய இடங்களில் ஆள் எடுப்பது தெரிந்தவர் சொல்லித்தான். சேர்ப்பதும் வாய்வார்த்தை, நிப்பாட்டுவதும் வாய்வார்த்தை.

காரணம் பல நேரம் அற்பமானது. மேஸ்திரியிடம் கேட்ட லீவு டைம் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து, ஒருவருடைய தவறு இன்னொருவர் கணக்கில் ஏறியிருக்கும். முந்தைய ஷிப்டில் குறைந்த சரக்கு புது ஆள் தலையில் விழும். பத்து வருடம் வேலை பார்த்தவர் என்றால் “அவன் அப்படிச் செய்ய மாட்டான்” என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். புதிதாக வந்தவருக்கு அந்த நாலு பேர் இன்னும் சேரவில்லை.

சட்டமும் புது ஆளுக்குத் தரும் பிடி குறைவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதனால் முதல் பத்து நாளில் என்ன செய்கிறோம், அதைவிட முக்கியமாக எதில் கையெழுத்துப் போடாமல் இருக்கிறோம் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

அன்றைக்கே செய்யக் கூடாதவை

1. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். “சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் சம்பளப் பாக்கியை இப்போதே தருகிறோம்” என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. அந்த ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால், நிர்வாகம் நிப்பாட்டவில்லை, ஆளே விலகினார் என்று ஆகிவிடும். பிறகு அதை மாற்றுவது மிகக் கடினம்.

2. வெற்றுத் தாளிலும் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய தாளிலும் கையெழுத்து கூடவே கூடாது. தவிர்க்க முடியாத நெருக்கடி என்றால், கையெழுத்துக்கு மேலே தேதியும் “ஆட்சேபணையுடன்” என்ற சொல்லும் எழுதுங்கள். வெளியே வந்ததும் அன்றோ மறுநாளோ, எந்தச் சூழ்நிலையில் கையெழுத்து வாங்கப்பட்டது என்பதைக் கடிதமாக அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொல்லும் ஆட்சேபணைக்கு மதிப்பில்லை.

3. மன்னிப்புக் கடிதத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். “நடந்ததற்கு வருந்துகிறேன்” என்பது வேறு, “நான்தான் எடுத்தேன், மன்னித்துவிடுங்கள்” என்பது வேறு. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேனேஜரிடம் எழுதிக் கொடுத்த தாளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற ஆசையில் எழுதிய மன்னிப்பு திருட்டுப் பழிக்கு ஆதாரமாகிவிடும்.

4. சத்தம் போடாதீர்கள், மேஜையைத் தட்டாதீர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எதையும் ஏற்றாதீர்கள். தப்பர்த்தம் காரணமாக நிப்பாட்டப்பட்டவரை, மறுநாள் ‘ஒழுங்கீனம்’ காரணமாக நிப்பாட்டியதாகக் காட்ட அது போதும்.

5. வேலை இடத்து வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து கோபத்தில் வெளியேற வேண்டாம். அதிலுள்ள பழைய செய்திகளை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். அடையாள அட்டையைத் திரும்பக் கேட்டால் இரண்டு பக்கமும் படம் பிடித்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

அன்று இரவு: ஒரு நோட்டும் ஒரு பையும்

மனசு கொதிக்கும்போது நடந்ததெல்லாம் என்றைக்கும் மறக்காது என்று தோன்றும். மூன்று வாரத்தில் நேரமும் வரிசையும் குழம்பிவிடும். ஆகவே அன்று இரவே ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார், என்ன வார்த்தை சொன்னார், பக்கத்தில் யார் நின்றார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள். “கேவலமாக நடத்தினார்கள்” என்று எழுதுவதில் பயனில்லை. “மாலை 4.10, வைண்டிங் செக்‌ஷன் வாசல், இன்னார் சொன்னது இது” என்று எழுதுவதில்தான் பயன்.

பிறகு காகிதங்களைச் சேர்க்க வேண்டும். நியமனக் கடிதம் இருந்தால் முதலில் அது. பல இடங்களில் இருக்காது. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் சொல்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடிதம் இல்லாவிட்டால் வேலை பார்த்ததற்கு வேறு தடயங்கள் உண்டு: சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். பாஸ்புக்கில் நிறுவனத்தின் பெயர், இ.எஸ்.ஐ. அட்டை, டோக்கன் எண், கம்பெனி வேன் நேரம் பற்றிய செய்தி, சூப்பர்வைசர் “நாளை நைட் ஷிப்ட்” என்று அனுப்பிய ஒரு வரி. பி.எஃப். பாஸ்புக்கை உமாங் செயலியிலிருந்து அன்றே இறக்கிவையுங்கள்.

தப்பர்த்தம் எங்கே விழுந்தது?

இந்த இடத்தில் நிதானம் தேவை. பழி அநியாயம் என்று சொல்வது மட்டும் போதாது. அது எப்படி வந்தது என்று காட்ட முடிந்தால் பாதிப் பிரச்சினை மேஜையிலேயே தீரும்.

பஜாரில் இப்போது மிகச் சாதாரணமாக நடக்கக்கூடிய ஒன்றைப் பார்ப்போம். ஜவுளிக்கடையில் தீபாவளி நெருக்கம். கவுன்டரில் புதிதாகச் சேர்ந்த பெண். ஒருவர் 1,860 ரூபாய்க்குத் துணி எடுக்கிறார். ரொக்கம் என்று பில் விழுகிறது. பையைத் துழாவிப் பார்த்துவிட்டு, கடைசி நேரத்தில் கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து கட்டிவிட்டுப் போகிறார். பின்னால் வரிசை நிற்கிறது. பில்லைத் திருத்த நேரமில்லை. இரவு கல்லா முடிக்கும்போது 1,860 ரூபாய் குறைகிறது. அந்தக் கியூ.ஆர். முதலாளியின் தம்பி கணக்கில் இருப்பதால், அதே 1,860 அங்கே கூடுதலாக ஏறியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை.

இந்தப் பழியைத் துடைக்க வக்கீல் வேண்டாம். அன்றைய பில் எண், நேரம், தொகை. அதே நேரத்தில் அதே தொகை ஏறிய கியூ.ஆர். வரவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னாலே போதும். அந்தப் பெண்ணால் வங்கிக் கணக்கைப் பார்க்க முடியாது, ஆனால் “அந்த நாளின் கியூ.ஆர். வரவுப் பட்டியலோடு ரொக்க பில்களை ஒப்பிட்டுப் பாருங்கள்” என்று எழுத்தில் கேட்க முடியும். கேட்டபின் பார்க்க மறுத்தால், அந்த மறுப்பும் ஒரு தடயம்தான்.

லீவுச் சிக்கல் என்றால் மேஸ்திரிக்குப் போன அழைப்பின் நேரம், ஆஸ்பத்திரிச் சீட்டு. சரக்குக் குறைவு என்றால் ஷிப்ட் கைமாறியபோது எழுதிய எடைச் சீட்டு. பெயர்க் குழப்பம் என்றால் டோக்கன் எண். எதை ஒப்பிட்டால் உண்மை தெரியும் என்பதை ஒரே வரியில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

குறிப்பு: கல்லாவில் குறைந்த பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பதாக இருந்தாலும், விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே பிடிக்க வேண்டும் என்பது ஊதியச் சட்டத்தில் பழைய காலத்திலிருந்தே உள்ள விதி, புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

மறுநாள் கேட்டுக்குப் போக வேண்டுமா?

போக வேண்டும். பலர் தவறவிடும் படி இது. “வர வேண்டாம் என்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது” என்று ரோஷத்தில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பதினைந்து நாள் கழித்து நிர்வாகம் சொல்கிறது: “நாங்கள் நிப்பாட்டவில்லை, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்.”

டி.கே. யாதவ் எதிர் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கின் கதை இதுதான். 1980 டிசம்பர் 3 முதல் எட்டு நாளுக்கு மேல் சொல்லாமல் வேலைக்கு வரவில்லை, ஆகவே தானாகவே வேலையை இழந்தார் என்றது நிறுவனம். தினமும் வந்தேன், கேட்டிலேயே தடுத்தார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவும் விடவில்லை என்றார் தொழிலாளி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிலையாணையில் ‘எட்டு நாள் வராவிட்டால் வேலை போகும்’ என்று எழுதியிருந்தாலும், அவர் தரப்பைக் கேட்காமல், உள்விசாரணை இல்லாமல் பேரை அடித்தது செல்லாது என்று 1993-ல் தீர்ப்பு வந்தது. பாதிச் சம்பளப் பாக்கியோடு மீண்டும் வேலை கிடைத்தது. நடுவில் போனது பன்னிரண்டு வருடத்துக்கும் மேல்.

அந்தப் பன்னிரண்டு வருடத்தைக் குறைக்கும் வழி எளிது.

1. வழக்கமான ஷிப்ட் நேரத்துக்கு, சீருடை இருந்தால் சீருடையோடு கேட்டுக்குப் போங்கள்.
2. உள்ளே விடவில்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம். நேரத்தைப் பார்த்து, மேனேஜருக்கோ ஹெச்.ஆருக்கோ அங்கிருந்தே ஒரு செய்தி அனுப்புங்கள்: “இன்று காலை 6.45-க்கு வேலைக்கு வந்தேன். கேட்டில் அனுமதிக்கவில்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்.”
3. இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் போதும். அதற்குமேல் கடிதம் பேசும்.

கேட்டில் நிற்கும் வாட்ச்மேனிடம் கோபத்தைக் காட்ட வேண்டாம். பின்னாளில் “ஆமாம், வந்தார்” என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

கடிதம்: மூன்றாம் நாளுக்குள்

வாயால் சொன்ன எதற்கும் ஆயுசு குறைவு. மூன்றாம் நாளுக்குள் ஒரு கடிதம் போய்விட வேண்டும். நீளம் ஒரு பக்கம். தமிழில் எழுதினால் போதும். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்பது வெறும் நினைப்பு. மாதிரி இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: பெயர், டோக்கன் எண், வீட்டு முகவரி
பெறுநர்: மேலாளர், நிறுவனத்தின் பெயர், ஊர்
பொருள்: வேலைக்கு அனுமதிக்கக் கோருதல்

ஐயா, தங்கள் நிறுவனத்தில் ____ தேதி முதல் ____ பணியில் வேலை செய்துவருகிறேன். ____ தேதி மாலை ____ மணிக்குத் திரு. ____ அவர்கள், ____ காரணம் சொல்லி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாய்மொழியாகக் கூறினார். அந்தச் சம்பவத்தில் உண்மையில் நடந்தது: ____. இதை ____ பதிவேட்டை ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். ____, ____ தேதிகளில் வேலைக்கு வந்தும் அனுமதிக்கப்படவில்லை. நான் வேலையை விட்டு விலகவில்லை. என் தரப்பைக் கேட்டு, மீண்டும் வேலைக்கு அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தியதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தருமாறு வேண்டுகிறேன்.

“நான் வேலையை விட்டு விலகவில்லை” என்ற வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். திட்டோ, மிரட்டலோ, “கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்” என்பதோ வேண்டாம். இந்தக் கடிதத்தை நாளைக்கு ஒரு மூன்றாம் மனிதர் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். படிப்பவர் தொழிலாளர் அலுவலராகவோ நீதிபதியாகவோ இருக்கலாம்.

அனுப்பும் முறை: பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் பதிவு வசதியோடும், ஒப்படைத்ததற்கான சான்றோடும் ஸ்பீட் போஸ்ட் என்று கேளுங்கள். ரசீதைப் படம் பிடித்துவையுங்கள். அந்தக் காகிதத்தில் மை சீக்கிரம் அழிந்துவிடும். கடிதத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள்; ஒட்டியபடியே பத்திரப்படுத்துங்கள்.

நேரில் பேசுதல்

கடிதம் போன பிறகு பேசப் போவதுதான் சரியான வரிசை. முதலில் பேசிவிட்டுப் பிறகு எழுதினால், பேச்சில் விட்டுக்கொடுத்ததெல்லாம் கணக்கில் ஏறும்.

சேர்த்துவிட்டவரை அழைத்துப் போகலாம். ஆனால் அவர் முதலாளிக்குக் கடன்பட்டவராக இருக்கக் கூடாது. சொந்தக்காரர் கூட்டம் வேண்டாம், ஒருவர் போதும். பேச்சு இந்தத் தொனியில் இருக்கட்டும்: “அண்ணாச்சி, என் மேல தப்பு இருந்தா நானே போயிடுறேன். அந்த நாள் பில்லையும் வரவையும் மட்டும் ஒரு தடவை சேர்த்துப் பாருங்க.” முதலாளியின் முகத்தைக் காப்பாற்றும் ஒரு வழியை அவருக்கு விட்டுவைப்பது முக்கியம். தவறு தன்னுடையது என்று தெரிந்தபின்னும் ஊழியர்கள் முன்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாமல்தான் பல முதலாளிகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். “வேறு செக்‌ஷனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்” என்பது போன்ற ஒரு கதவு பல சமயம் வேலையை மீட்டுத் தருகிறது.

இருபது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடம் என்றால், அங்கே குறைதீர்க் குழு இருக்க வேண்டும் என்று புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. தொழிலாளர் பிரதிநிதிகளும் அதில் உண்டு. அந்தக் குழுவுக்கும் ஒரு மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிவையுங்கள். மில் என்றால் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போக இதுதான் நேரம்.

‘தகுதிகாண் காலம்தானே’ என்று சொன்னால்

தகுதிகாண் காலத்தில் உள்ளவரை வேலை திருப்தி இல்லை என்று நியமனக் கடிதத்தின் நிபந்தனைப்படி விடுவிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் ஒருவர் மேல் குற்றம் சுமத்திவிட்டு, விசாரிக்காமல், தகுதிகாண் காலத்தைச் சாக்காக வைத்து அனுப்ப முடியாது.

அனூப் ஜெய்ஸ்வால் வழக்கு இதற்குப் பேர்போனது. ஐ.பி.எஸ். தேர்வாகி ஹைதராபாத் தேசிய போலீஸ் அகாடமியில் பயிற்சியில் இருந்தவர் அவர். 1981 ஜூனில் ஒரு மழைநாள் காலை, பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோருமே 22 நிமிடம் தாமதம். தாமதமாக வந்தவர் அவர் மட்டும் இல்லை. ஆனால் மற்றவர்களைத் தூண்டிவிட்டவர் அவர்தான் என்று மேலிடம் நினைத்தது. ‘தகுதியற்றவர்’ என்று அந்த ஆண்டு நவம்பரில் விடுவிப்பு உத்தரவு வந்தது. உத்தரவின் வார்த்தைகள் சாதுவாக இருந்தாலும், உள்ளே இருப்பது விசாரிக்காமல் கொடுத்த தண்டனை என்று கண்ட உச்ச நீதிமன்றம் 1984-ல் அதை ரத்து செய்து, அவரை மீண்டும் பணியில் சேர்த்தது.

அது அரசுப் பணி; அரசியல் சாசனத்தின் 311-வது பிரிவு அவருக்குத் துணை நின்றது. மில் தொழிலாளிக்கு அந்தப் பிரிவு கிடையாது. ஆனாலும் உத்தரவின் மேல்பூச்சைத் தாண்டி உண்மைக் காரணத்தைப் பார்க்கும் இந்தப் பார்வையைத் தொழிலாளர் வழக்குகளிலும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே ‘நேர்மையின்மை’, ‘திருட்டு’, ‘நம்பிக்கை இழப்பு’ என்ற சொல் எந்தக் கடிதத்திலாவது, செய்தியிலாவது வந்திருந்தால் அதைப் பொன்போலப் பாதுகாக்க வேண்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

பேச்சு பலிக்கவில்லை என்றால் அடுத்தது இதுதான். தவறான கதவில் காத்திருந்து கெடு முடிந்துபோவதுதான் மிகப் பெரிய நஷ்டம்.

மில், தறிக்கூடம், தையல் கூடம், பட்டறை: தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. உங்கள் தாலுகாவுக்கு எந்த அலுவலகம் என்பதை விருதுநகரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். தனி ஒருவரின் வேலை நீக்கமும் தொழில் தகராறுதான். சங்கம் இல்லாமலே மனு போடலாம். இரண்டு வருடத்துக்குள் எழுப்ப வேண்டும் என்பது புதிய சட்டம். இரண்டு மாதம்கூடத் தள்ளாதீர்கள். சமரசம் முறிந்தால், அந்த அறிக்கை கிடைத்ததிலிருந்து 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2025 நவம்பர் 21-க்கு முன்னால் நடந்த நீக்கம் என்றால் 1947-ன் பழைய சட்டமும் அதன் கெடுக்களும் பேசும்; அதை அலுவலரிடமே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கடை, ஓட்டல், தனியார் அலுவலகம்: 1947-ன் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது. குற்றம் சாட்டி நீக்குவதாக இருந்தால் விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். மேல்முறையீடு தொழிலாளர் துணை ஆணையரிடம். கெடு 30 நாள் மட்டுமே. ஆறு மாதம் முடியவில்லை என்றால் இந்தப் பிரிவு உதவாது. அவர்களுக்குக் கடிதமும் பேச்சும்தான் முதன்மையான ஆயுதம்.

மேனேஜர், 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் சூப்பர்வைசர்: சட்டத்தின் பார்வையில் ‘தொழிலாளி’ அல்ல. நியமனக் கடிதத்தின் நோட்டீஸ் கால நிபந்தனையை வைத்து வக்கீல் நோட்டீஸ், தேவைப்பட்டால் சிவில் வழக்கு. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனிச் சட்டம் உண்டு.

சம்பளப் பாக்கி மட்டும்தான் பிரச்சினை என்றால் வழி இன்னும் நேரானது. நீக்கினாலும் விலகினாலும் இரண்டு வேலை நாளுக்குள் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்பது புதிய விதி. “ஏழாம் தேதி வந்து வாங்கிக்கொள்” என்பது இனிச் செல்லாது.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது விருதுநகரில் அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரில். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அங்கேயே. ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வந்துவிடும் தூரம். 1987-ன் சட்டப்படி பெண்கள், பட்டியலின, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. போனில் கேட்க 15100.

சமரச மேஜையில்

சமரசப் பேச்சில் வக்கீல்களுக்கு இடமில்லை; முதலாளியும் வக்கீலை அனுப்ப முடியாது. சங்கப் பிரதிநிதி உடன் வரலாம். சொல்ல வேண்டியதை ஐந்து நிமிடத்தில் சொல்லத் தயாராகப் போங்கள்: சேர்ந்த தேதி, நிப்பாட்டிய தேதி, தப்பர்த்தம், அதை நிரூபிக்கும் ஒப்பீடு, வேண்டியது என்ன. பழைய மனக்கசப்புகளை எல்லாம் அவிழ்த்தால் அலுவலருக்கு மையப் புள்ளி பிடிபடாது.

வேலையே வேண்டுமா, பாக்கியும் நல்ல சான்றிதழும் போதுமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. மூன்று மாத வேலைக்காகச் சில வருடம் அலைவதைவிட, பழி இல்லாத அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அடுத்த மில்லில் சேர்வது பலருக்கு லாபம். ஆனால் திருட்டுப் பழி நிற்கிறது என்றால் விட்டுவிட வேண்டாம். அடுத்தடுத்த தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த ஊர்கள் இவை. அந்தப் பேர் அடுத்த கேட்டுக்கு முன்கூட்டியே போய்ச் சேரும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை: தொகை எண்ணிலும் எழுத்திலும் இருக்கிறதா, எந்தத் தேதிக்குள், பி.எஃப். கணக்கில் விலகிய தேதியும் காரணமும் எப்படிப் பதியப்படும், சான்றிதழின் வாசகம் என்ன. பணம் கணக்கில் ஏறும் முன் ‘முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதாதீர்கள்.

வழக்கு நடக்கும்போது வேறு வேலைக்குப் போகலாமா?

போகலாம். போனால் வழக்கு செத்துவிடும் என்பது டீக்கடைச் சட்டம். 2013-ல் தீபாலி குண்டு சுர்வசே என்ற மகாராஷ்டிர ஆசிரியையின் வழக்கில், தவறாக நீக்கப்பட்டவருக்குச் சம்பளப் பாக்கியோடு வேலை தருவதே பொதுவான விதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் கேட்பவர், இடைப்பட்ட காலத்தில் வேலை இல்லை என்றோ குறைந்த சம்பளத்தில் இருந்தேன் என்றோ உண்மையைச் சொல்ல வேண்டும். மறுப்பதாக இருந்தால் நிரூபிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆகவே இடையில் எங்கே, என்ன சம்பளத்துக்கு வேலை பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் குறித்துவையுங்கள்.

போலீஸ் என்று மிரட்டினால்

புகார் கொடுப்பதாகச் சொன்னாலே பலர் பயந்து ராஜினாமா எழுதிவிடுகிறார்கள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் போங்கள், தனியாகப் போகாதீர்கள். கடிதத்தின் நகலையும் ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் எடுத்துப் போங்கள்: புகாருக்கு முன்பே பதிவேட்டைச் சரிபார்க்கச் சொல்லி எழுத்தில் கேட்டவர் என்பது அங்கே உதவும். பணத்தைக் கட்டிவிட்டால் விட்டுவிடுகிறோம் என்று சொல்லும் சமாதானத்தில், எடுக்காத பணத்தைக் கட்டாதீர்கள். கட்டினால் எடுத்ததாகவே ஆகும். பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகும் உதயத்துக்கு முன்பும், அசாதாரணச் சூழ்நிலை தவிர, கைது செய்யக் கூடாது என்பது சட்டம். பதற்றமாக இருந்தால் ஸ்டேஷனுக்குப் போகும் முன் 15100-க்கு ஒரு போன் செய்யுங்கள்.

இதைப் படிப்பவருக்கு வேலை போய் மூன்று நாள் ஆகிவிட்டது, கடிதம் இன்னும் போகவில்லை என்றால், மற்ற படிகளை நாளைக்குப் பார்க்கலாம். மேலே உள்ள மாதிரியை நிரப்பி இன்று மாலை தபால் ஆபீஸ் மூடும் முன் அனுப்பிவிடுங்கள்.